தனியாக நின்று தோற்ற நீதிபதி

ஜனநாயகம் உலகில் எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கட்டும். அது வயதுக்கு வந்தது அமெரிக்காவில், எங்கள் டன்மோர் மாவட்டத்தில்தான். மற்ற இடங்களில் ஒருவரைத் தோற்கடிக்க இன்னொருவர் எதிரே நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எங்கள் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. சில வருடங்களுக்கு ஒரு முறை வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில், கடைசியில், ஒரே ஒரு கேள்வி இருக்கும்: இவர் பதவியில் தொடரலாமா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். பேனாவால் ஒன்றை நிரப்ப வேண்டியதுதான்.

இந்த மகத்தான பொறுப்புக்கு மக்களைத் தயார் செய்வது எங்கள் 'வாக்காளர் தெளிவுக் குழு'. பதினோரு வருடமாக அதன் தலைவன் நான். விதி நான்கின்படி தலைவர் நடுநிலை தவறக் கூடாது. இதுவரை நான் ஒரு கருத்தும் சொன்னதில்லை என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் மாதம், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், டோனட்டும் காபியுமாக, அந்த வருட வாக்குச்சீட்டில் பெயர் வந்திருந்த நீதிபதி ரெனாட்டா ஸ்ட்ரோமைப் பற்றி 'ஆழமாக' விவாதிக்கக் கூடினோம். வழக்கறிஞர் சங்கம் அனுப்பிய கையேடுகள் மேஜையில் இருந்தன. டோனட் வைக்கத் தட்டு போதாததால் அவை நல்லபடியாகப் பயன்பட்டன. டிராக்டர் விற்கும் டுவேன் ஆரம்பித்தார்.

"எதிர்த்து யாரு நிக்கிறாங்க?"

"யாருமில்ல."

"அப்போ யாருகிட்ட தோப்பாங்க?"

"'இல்லை'கிட்ட."

"அந்த ஆள எனக்குப் பிடிக்கும்ப்பா. முப்பது வருஷமா அவனுக்குத்தான் போடுறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆர்லிஸ் டிவெட் எழுந்தார். விதவை, ஊருக்கு வெளியே சொந்த வீடும் கிணறும் உள்ளவர்.

"ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல அந்தம்மா நடந்து வந்தாங்களே, பிள்ளைங்களுக்கு ஒரு மிட்டாய் எறிஞ்சாங்களா? ஷெரிஃப் எறிஞ்சாரு. குப்பை வண்டிக்காரர் கூட கை நிறைய எறிஞ்சாரு. என் பேத்தி கைய நீட்டிக்கிட்டே நின்னா, பாவம்."

"நீதிபதி ஓட்டுப் போடுறவங்களுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாம்," என்றது பின்வரிசை.

"ஒரு மிட்டாய்க்கே சட்டம் பாக்குறவங்க, நமக்கு என்னத்தக் குடுத்துடப் போறாங்க?"

பலத்த கைதட்டல்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். மாவட்டத்திலேயே அந்தக் கையேட்டைப் படித்தவன் நான் ஒருவன்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு தீர்ப்பு இருந்தது. ஒரு பன்றிப் பண்ணைக் கம்பெனி தன் கழிவுக் குட்டையை ஒரு வீட்டுக் கிணற்றின் பக்கத்தில் வெட்டக் கூடாது என்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. எழுதியவர் ரெனாட்டா ஸ்ட்ரோம். கிணறு ஆர்லிஸுடையது. அவருடைய வக்கீல் போனில் "ஜெயிச்சாச்சு" என்று சொன்னதோடு சரி. எழுதியது யார் என்று ஆர்லிஸ் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. கம்பெனியோ மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. ஒரு நீதிபதி மாறினால் போதும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தலைவரே, விதி நாலு!" என்று டுவேன் விரலை ஆட்டினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. 'கட்சிக்காரன்' என்ற பெயர் வாங்கிவிட்டால் தலைவர் நாற்காலி என்ன ஆவது? திறந்த வாயில் ஒரு டோனட்டை வைத்து அடைத்துக்கொண்டேன்.

மாநிலம் முழுக்கச் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ரெனாட்டா ஸ்ட்ரோம், எதிரே ஆளில்லாமலே தோற்றார். ஆளுநர் புது நீதிபதியை நியமித்தார். மறுவிசாரணை நடந்தது. இந்த முறையும் நாலுக்கு மூன்றுதான், ஆனால் கம்பெனிக்கு. மே மாதம் குட்டை வெட்டினார்கள். ஜூனில் ஆர்லிஸ் குடிதண்ணீர் கேனைக் கடையில் வாங்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் வக்கீலின் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த முறை முழுக்கப் படித்திருந்தார்.

"வெர்லின், பழைய தீர்ப்ப எழுதினது அந்த ஸ்ட்ரோம் அம்மாவாம். உனக்குத் தெரியுமா?"

"அக்டோபர்லயே தெரியும், ஆர்லிஸ்."

"நான் மிட்டாயப் பத்திப் பேசினப்போ?"

"அப்பவும் தெரியும். ஆனா நான் நடுநிலை."

"நான் தெரியாம 'இல்லை' போட்டேன். நீ தெரிஞ்சு என்ன போட்டே?"

"ஒண்ணும் போடல. வட்டத்த வெறுமனே விட்டுட்டேன். தலைவருக்கு அதுதானே அழகு?"

ஆர்லிஸ் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் குழு கூடியது. விதி ஒன்பதின்படி, தலைவர் பதவியில் தொடரலாமா என்று வாக்கெடுப்பு. என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. பதினேழு பேர் 'ஆம்' என்று கை தூக்கினார்கள். 'இல்லை' என்றதும் ஒரே ஒரு கை எழுந்தது.

"காரணத்தப் பதிவு பண்ணணும், ஆர்லிஸ்," என்றார் டுவேன்.

"எழுதிக்கோ," என்றார் ஆர்லிஸ். "என் ஆயுசுல, ஆளத் தெரிஞ்சுக்கிட்டு நான் போடுற முதல் ஓட்டு இது."