நாற்பத்து மூன்றாவது கிண்ணம்

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் எதிர்வீட்டம்மா உள்ளே நுழைந்துவிட்டாள். பூகோள வாத்தியாருக்கு வயிற்றைக் கலக்கியது. கலங்கக்கூட இடமில்லை, பாவம். வயிற்றின்மேல் பெரிய மரக்கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருந்தது. அதற்குமேல் சட்டை. பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன.

லேசுப்பட்ட கிண்ணமா அது? ஒரே கட்டையில் உளியால் குடைந்தது. விளிம்பு முழுக்கக் கொடி வேலைப்பாடு. எந்தக் காலத்திலோ, எந்த வீட்டிலோ பரிமாறிப் பரிமாறி உள்பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. கடையில் விரலால் சுண்டிப் பார்த்தார். "டொங்" என்றது. அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார்.

வீட்டில் ஏற்கெனவே நாற்பத்திரண்டு இருந்தன. கட்டிலுக்கடியில், பீரோ மேல், வாஷிங் மெஷினுக்குள்கூட ஒன்று. போன மாதம் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு கிண்ணம் வாசப்படி தாண்டி வரட்டும். அத்தனையையும் பழைய சாமான்காரன்கிட்ட தூக்கிக் குடுக்கறேனா இல்லையான்னு பாருங்க!"

சொன்னால் செய்கிறவள்.

"என்ன வாத்தியாரே, காலையில இல்லாத தொப்பை?" என்றாள் எதிர்வீட்டம்மா.

"வாயும்மா. வெறும் வாயு."

"ஒரே நாள்லயா? ஐயையோ!"

லிஃப்ட் நின்றதும் நிற்காததுமாக ஓடிப்போய் அவர் வீட்டுக் காலிங்பெல்லை விடாமல் அழுத்தினாள். "ஏம்மா, சீக்கிரம் வா! உன் வீட்டுக்காரர் வயிறு வீங்கிப்போய் நிக்கறாரு!"

மனைவி பதறியடித்து வந்தாள். "என்னங்க ஆச்சு? முதல்ல படுங்க!"

படுத்தார். படுத்திருக்கக் கூடாது. நிற்கும்போது தொப்பையாக இருந்தது, படுத்ததும் மலையாகிவிட்டது. இருபது வருஷமாக வகுப்பில் மலைகளைப் பற்றிப் பேசுகிறவர்தான், இப்படி ஒன்றை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"சட்டையைக் கழட்டுங்க, ஒத்தடம் குடுக்கறேன்."

"தொடாதே! தொட்டா உயிர் போயிடும்!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு, கீழ்வீட்டு டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்துவிட்டார்.

டாக்டர்கள் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள் என்பது வாத்தியாருக்கு அதுவரை ஞாபகமே வரவில்லை. டாக்டர் இடது கையைச் சட்டைமேல் வைத்து, வலது கை விரலால் தட்டினார்.

"டொங்."

இன்னொரு பக்கம் தட்டினார். அங்கேயும் அதே "டொங்". பாழாய்ப்போனது, அவ்வளவு நல்ல கிண்ணம்!

"என்ன டாக்டர் சத்தம் அது?" என்றாள் மனைவி.

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வாத்தியாரைப் பார்த்தார். "மூச்சை நல்லா இழுங்க சார்."

இழுத்தார். வயிறு உள்ளே போனது. தொப்பை போன பாடில்லை.

"கெட்டிப்பட்ட வாயு" என்றார் டாக்டர்.

மனைவி பொலபொலவென்று அழுதுவிட்டாள். "தங்கமான மனுஷன்! கேவலம் ஒரு கிண்ணத்துக்காக என்னவெல்லாம் பேசிட்டேன்! நீங்க நல்லபடியா எழுந்திரிங்க, நானே ஒண்ணு வாங்கித் தரேன்!"

வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதோ!" என்று பொத்தானுக்கே கையைக் கொண்டுபோய்விட்டார். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினார்.

"நீங்க போய்க் கொஞ்சம் வெந்நீர் வையுங்கம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "டாக்டர், காட்டிக் குடுத்துடாதீங்க. அழுகை நின்னதும் மனசு மாறிட்டா, நாப்பத்திரண்டும் போயிடும். புள்ளைங்க மாதிரி வளர்த்தது!"

டாக்டர் பெட்டியை மூடினார்.

"பயப்படாதீங்க சார், நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அந்த எதிர்வீட்டம்மா கண்ணுல பட்டா யாரும் தப்பிக்க முடியாது. இந்த மாசம் இதே கட்டில்ல நான் தட்டிப் பார்க்கற மூணாவது மர வயிறு இது. முதல் ரெண்டையும் கடையிலேருந்து சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தது உங்க வீட்டம்மா."