நாலு வாரமும் பலித்த சீட்டு

பினாங்கின் ஜெலுத்தோங்கில் அந்த வருஷம் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, பங்கீட்டு அரிசி வாங்கும் வரிசை. மற்றொன்று, வாங்கிய அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வரிசை. இரண்டாவதுதான் நீளம்.

அதன் முனையில், யாரோ கைவிட்டுப்போன கரிக்கொட்டகையில், மட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார். வேப்பிலை அடிக்கும் சாமிகளையும் எலுமிச்சம்பழம் அறுக்கும் சாமிகளையும் பினாங்கு முன்பே பார்த்திருக்கிறது. பேஸ்பால் மட்டையை வைத்து அருள்வாக்குச் சொல்லும் சாமியைக் கொடுத்தது ஜப்பான்காரன் ஆட்சிதான். முனை உடைந்த மட்டை. சுற்றிலும் மஞ்சள் துணி. மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு சாமி கண்ணை மூடுவார். மட்டை பேசும். ஞாயிற்றுக்கிழமை படாங் திடலில் துறைமுகப் பட்டறை அணி ஜெயிக்குமா, தோற்குமா என்று சொல்லும். மட்டை தமிழில் பேசுகிறதா, ஜப்பான் மொழியில் பேசுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டத்தில் அப்படி என்ன இருந்தது என்றால், அரிசி இருந்தது. காலண்டரில் ஜப்பான்காரன் 2603 என்று போட்டிருந்த வருஷம் அது, நமக்கு 1943. பட்டறையை நடத்த வந்த ஜப்பான்காரத் துரைக்குப் பேஸ்பால் என்றால் உயிர். கிராணிகள் என்கிற குமாஸ்தாக்களையும் கொல்லர்களையும் பிடித்து ஓர் அணி சேர்த்தார். அணி ஜெயித்தால் பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டின் அரிசி. தோற்றால் திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த ஊரில், அதுவரை அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திராத கிழவர்கள் கூட ஒரே மாதத்தில் ரசிகர்களாகிவிட்டார்கள்.

அவர்களில் பெரிய ரசிகர் பெர்னார்ட். பட்டறைச் சாமான் கிடங்கில் கிராணி. நாற்பது வயது. அணி ஆடிய ஆட்டமோ அவர் ஆயுளைக் குறைக்கிற ஆட்டம். ஒரு வாரம் ரயில்காரர்களைப் பந்தாடுவார்கள். அடுத்த வாரம், மட்டையைப் பிடிக்கத் தெரியாத தபால்காரர்களிடம் தோற்பார்கள். பந்து எறிகிற ஹென்றி ஒரு நாள் நூல் பிடித்த மாதிரி எறிவான். மறு நாள் அவன் எறிந்த பந்து கடலோரத்துச் சுவரில் போய் விழும்.

"டேய் ஹென்றி! பந்தை மட்டைக்காரனுக்குப் போடுடா! கடலுக்குப் போடாதே!" என்று பெர்னார்ட் கத்துவார். அவன் காதில் விழாது. விழுந்தாலும் பந்து கேட்காது. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

தோற்பதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று நினைத்தார். அப்படி நினைக்கிறவர்களுக்காகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு சாமி கடை விரித்துக் காத்திருக்கிறார்.

மட்டைச்சாமியின் இயற்பெயர் ராமசாமி. சண்டைக்கு முன் குதிரைப் பந்தயத்தில் 'உள்ளே இருந்து வந்த செய்தி' விற்றவர் என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களைத்தான் ஊர் சந்தேகப்பட்டது. இப்போது அவர் ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டைக் கையால் தொடமாட்டார். தெய்வத்துக்கு ஆகாதாம். அரிசி ஆகும். உப்பு ஆகும். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை ரொம்பவும் ஆகும்.

ஒரு சிரட்டை அரிசி கொடுத்தால் மடித்த சீட்டு ஒன்று தருவார். மூன்று கட்டளை. வீட்டுக்குப் போய்த் தனியாகத்தான் பிரிக்க வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது, பெண்டாட்டிக்குக் கூட. ஆட்டம் முடிந்ததும் எரித்துவிட வேண்டும்.

முதல் வாரம் பெர்னார்டின் சீட்டில் 'தோல்வி' என்று இருந்தது. தோற்றார்கள். இரண்டாம் வாரம் 'வெற்றி'. ஜெயித்தார்கள். மூன்றாவதும் வெற்றி, அதுவும் சரி. நாலாவது 'தோல்வி'. ஹென்றி கண்டபடி எறிந்து, பதினோரு பேரை மட்டையை வீசாமலே முதல் தளத்துக்கு நடக்கவைத்து ஆட்டத்தைக் கொடுத்தான். பெர்னார்டுக்கு அன்று கோபமே வரவில்லை. திடல் ஓரத்தில் நின்று புன்னகை செய்தார். பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்து, பாவம், இவர்களுக்குத் தெரியாது என்று இரக்கப்பட்டார். நடையே மாறிவிட்டது. ஞாயிறு காலை பூசையில் முழந்தாளிடும்போது கூட, தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற நினைப்போடுதான் முழந்தாளிட்டார்.

சீட்டுப் பலிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் தனித்தனியாகப் போய்ச் சாமியிடம் கேட்டார்கள். "வீட்டில யாரோ பாத்துட்டாங்க," என்றார் ஒருவரிடம். "உன் மனசுல சந்தேகம் இருந்துச்சு," என்றார் இன்னொருவரிடம். தன் மனசில் அழுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய யாருக்கு ஆசை? வாயை மூடிக்கொண்டார்கள். ஜெயித்தவன் கத்தினான், தோற்றவன் பேசவில்லை. சாமியின் புகழ் வளர இதைவிட நல்ல உரம் கிடையாது.

ஐந்தாவது வாரம் கடைசி ஆட்டம். ஜெயித்தால் ஆளுக்கு அரை மூட்டை என்று துரை சொல்லிவிட்டார். படாங் ஓரத்தில் பந்தயம் கட்டுகிறவர்களும் கூடிவிட்டார்கள். அப்போது சாமி அறிவித்தார்: நாலு வாரமும் யாருக்குப் பலித்ததோ, அவர்கள் எட்டுப் பேர் முத்தான பக்தர்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு விசேஷச் சீட்டு. அதைப் பார்த்துப் பந்தயம் கட்டினால் அரிசி மூட்டை மூட்டையாக வரும். காணிக்கை? "வீட்டில எது போனா நெஞ்சு வலிக்குமோ, அது."

பெர்னார்ட் வீட்டில் அப்படி இருந்தது ஒன்றுதான். அவர் மனைவி அமலம்மாளின் தையல் மெஷின்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அமலம்மாள். சாக்குத் துணியில் யாருக்கோ கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கால் மிதிப்பது நின்றது. "இந்த மெஷின் ஓடுறதாலதான் வீட்டில உப்பு இருக்கு."

"மெஷின் சாமிக்கு. சைக்கிள் பந்தயத்துக்கு. ரெண்டு மூட்டை அரிசியோட வருவேன் லா. நாலு வாரம், அமலம்! நாலும் சரி! இது சும்மா வருமா?"

"தப்பா போனா?"

"போகாது. நான் அப்பிடிப்பட்டவன்."

அவள் நூலைக் கோத்துவிட்டு மறுபடியும் மிதித்தாள்.

அமலம்மாளுக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் தையல்காரியிடம் ஊர் பேசும். அன்று மாலை கால்சட்டை வாங்க வந்தாள் பக்கத்து வீட்டு நோர்மா; மலாயும் தமிழும் கலந்த குடும்பம். ரவிக்கை ஒட்டுப்போட வந்தாள் கமலாம்பிகை, யாழ்ப்பாணத்துக் கிராணி விஸ்வலிங்கத்தின் மனைவி.

"உங்க வீட்டுக்காரருக்கும் நாலு வாரமும் பலிச்சிச்சா?" என்று கேட்டாள் அமலம்மாள்.

நோர்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். "அல்லா! ரெண்டாவது வாரமே தப்பு, அக்கா. அந்த மனுசன் மூணு நாள் பேசல. நான் சீட்டை எட்டிப் பாத்தேனாம், அதான் கெட்டுச்சாம்."

கமலாம்பிகை முகம் சுண்டிப்போனது. "இவருக்கு முதல் வாரமே பிழை. ஒருத்தருக்கும் சொல்லாதே எண்டவர்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"வெற்றி எண்டு."

அமலம்மாளின் கால் நின்றது. அதே முதல் வாரம் அவள் கணவர் சீட்டில் இருந்தது தோல்வி. கட்டளையை மீறி அவளும் எட்டிப் பார்த்திருந்தாள். அவள் பார்த்தும் அது பலித்திருந்தது! ஒரே ஆட்டம், ஒரே மட்டை. ஒருவர் காதில் வெற்றி, இன்னொருவர் காதில் தோல்வியா?

சனிக்கிழமை காலை கரிக்கொட்டகை முன் கூட்டம் நெரிந்தது. முத்தான எட்டுப் பேரும் காணிக்கையோடு முன்னால் நின்றார்கள். ஒருவர் கையில் சுவர்க் கடிகாரம். ஒருவர் கையில் மாமியாரின் வெள்ளிக் குத்துவிளக்கு, மாமியாருக்குத் தெரியாது. பெர்னார்ட் சைக்கிள் கேரியரில் மெஷினைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அமலம்மாள் ஒரு கையால் அதைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தாள்.

சாமி கண்ணை மூடி, மட்டையைக் காதில் வைத்து, நீண்ட நேரம் தலையாட்டினார். பிறகு எட்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுக் காணிக்கைக்குக் கை நீட்டினார்.

"சாமி, ஒரு நிமிசம்," என்றாள் அமலம்மாள். "எட்டுப் பேரும் இங்கயே பிரிச்சு, சத்தமா படிக்கட்டும்."

சாமியின் கண் சட்டென்று விரிந்தது. "ஐயோ! பலன் கெட்டுடும், தாயி!"

"கெடட்டும். கெட்டா இந்த மெஷினை ஒரு சீட்டும் கேக்காம சும்மாவே தர்றேன். நஷ்டம் எனக்குத்தானே?"

சும்மா வருகிற மெஷினை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சாமிக்கும் வழியில்லை.

"அமலம், மானத்தை வாங்காதே," என்றார் பெர்னார்ட் தணிந்த குரலில்.

"நீங்க முதல்ல படிங்க."

அவர் பிரித்தார். முகம் மலர்ந்தது. "வெற்றி!"

அடுத்து நின்றவர் மின்சாரக் கம்பிவேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நாகநாதன். பிரித்தார். படிக்கவில்லை. பெர்னார்டைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார்.

"படிங்க அண்ணே!" என்றாள் அமலம்மாள்.

"தோல்வி எண்டு கிடக்கு."

மூன்றாமவர் வெற்றி. நாலாமவர் தோல்வி. எட்டும் படித்து முடித்தபோது நாலு வெற்றி, நாலு தோல்வி. மட்டை எந்தப் பக்கமும் சாயாத நியாயவாதி போலிருக்கிறது.

"அது வந்து," என்றார் சாமி, "வெற்றி தோல்விங்கிறது அவரவர் கர்மத்தைப் பொறுத்து…"

"நாளைக்கு ஆடப்போறது கர்மமா, ஹென்றியா?" என்றாள் அமலம்மாள்.

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. "எனக்கு முதல் வாரமே பிழை!" என்று பின்னாலிருந்து கத்தினார் விஸ்வலிங்கம். "எனக்கு ரெண்டாவது!" "எனக்கு மூணாவது!" இத்தனை வாரம் தன் மனசில்தான் அழுக்கு என்று தலை குனிந்து திரிந்தவர்கள், திரும்பிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர்!

பெர்னார்ட் மட்டும் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆனா எனக்கு நாலும் சரியா வந்துச்சே, அமலம்," என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த துணித் துண்டை எடுத்து விரித்தாள். "முதல் வாரம் வந்த கூட்டம் இவ்ளோன்னு வைங்க. பாதிப் பேருக்கு வெற்றி, பாதிப் பேருக்கு தோல்வி." மடித்தாள். "தப்பானவங்க போயிட்டாங்க. மிச்சம் பாதி. அவங்களுக்கும் அதே மாதிரி." மறுபடி மடித்தாள். மறுபடி. மறுபடி. கையில் ஒரு சின்னத் துண்டு நின்றது. "எப்பிடி மடிச்சாலும் கடைசியில இப்பிடி ஒண்ணு மிஞ்சும்ங்க. இந்த வாட்டி மிஞ்சினது நீங்க. அவ்ளோதான்."

தேர்ந்தெடுக்கப்பட்டவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஒரு மாதமாகத் தாங்கி நின்ற பெருமை இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்குள் கொட்டகையின் பின்பலகை சடசடத்தது. மட்டைச்சாமி மட்டையைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். முக்காலமும் அறிந்தவருக்கு வேலிக்கு அப்பால் சாக்கடை இருப்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று மூட்டை அரிசி, ஒரு ஜாடி உப்பு, சோப்புப் பெட்டி நிறையக் கொயினா. பாதி ஊர் காய்ச்சலில் கிடந்தபோது மட்டை எதற்காகக் கொயினா தின்றது என்று நோர்மா கேட்டாள். அரிசியைச் சிரட்டை சிரட்டையாக அளந்து அங்கேயே பிரித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. அரை மூட்டை கிடைக்கவில்லை. ஹென்றி முதல் பாதியில் சிங்கம், அடுத்த பாதியில் கடலோரச் சுவர். பெர்னார்ட் தொண்டை கிழியக் கத்தினார். தோல்வி என்று முன்பே தெரிந்து நின்ற நாளைவிட, தெரியாமல் கத்திய இந்த நாள் நெஞ்சுக்கு நிம்மதியாக இருந்ததைக் கண்டு அவருக்கே வியப்பு. மறுநாள் வெயிலில் மற்றவர்களோடு சேர்ந்து ஓடினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊருக்குக் கௌரவமாக இருந்திருக்கும். அடுத்த பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் காலை, அமலம்மாள் கதவைத் திறந்தாள். வாசலில் வரிசை. ஆளுக்கொரு சிரட்டை அரிசி. முன்னால் நின்றது நாகநாதன்.

"அக்கா, சாமியையே கண்டுபிடிச்ச ஆள் நீங்கள். உங்களுக்கு ஏதோ சக்தி இருக்குது. நாளைக்கு ஆர் ஜெயிப்பினம் எண்டு ஒரு வார்த்தை…"

அமலம்மாள் வரிசையை முனையிலிருந்து முனைவரை பார்த்தாள். "அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய் உலையில போடுங்க," என்றாள். "வயிறு நிறைய சாப்பிடுங்க. தெம்பு வந்ததும் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை ஒரு தடவை வேலை செய்ய விட்டுப் பாருங்க. காணிக்கை கேக்காத சாமி அது ஒண்ணுதான்."

கதவைச் சாத்தினாள். வரிசையில் பாதிப் பேர் வெட்கப்பட்டுக் கலைந்தார்கள். மீதிப் பாதி, அக்கா சொன்னதில் ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது என்று பேசிக்கொண்டு அங்கேயே நின்றது.