வரலாறு இல்லாத மாப்பிள்ளை

வாசுவுக்கு வயசு இருபத்தஞ்சு. சுங்கை வே பக்கம் ஃபேக்டரியில சூப்பர்வைசர். குடி கிடையாது, சூது கிடையாது. மோட்டார் சைக்கிளைக்கூட ரொக்கம் குடுத்து வாங்கினவன். மேற்படி சந்தேகத்துக்குரிய நபருக்குப் பொண்ணு குடுக்க கிள்ளான் லட்சுமணன் தயங்கினதுல தப்பே இல்ல.

"ஜாதகமெல்லாம் பழைய கதை, தம்பி. புனிதா உங்கள விரும்புறா, நான் குறுக்க நிக்கல. கிரெடிட் ஸ்கோர் எவ்ளோ?"

வாசு போன்ல காட்டினான். நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு மட்டும் இருந்துச்சு.

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதில்ல, அங்கிள்."

லட்சுமணன் மனைவியைப் பார்த்தார். அவங்க முறுக்குத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

"தைப்பூசம் வரைக்கும் டைம். ஸ்கோரோட வாங்க. செலாயாங்ல ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். எழுநூத்தி இருபது."

வாசு மறுநாளே பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பேங்குக்கு ஓடினான். அதிகாரி முகுந்தன் டையைச் சரி பண்ணிக்கிட்டார்.

"உங்க மேல பேங்குக்குப் பூரண நம்பிக்கை உண்டு. கடன் வாங்கின வரலாறுதான் இல்ல."

"கடன் குடுத்தா வரலாறு வரும்லா, பாஸ்?"

"வரலாறு வந்தா கடன் குடுப்போம்."

வெளிய மோனோரயில் ஒண்ணு போச்சு.

தீவிர பரிசீலனைக்கு அப்புறம் முகுந்தன் வழி சொன்னார். "மூவாயிரம் வெள்ளிய எங்ககிட்ட வைங்க. அத நம்பி ஒரு கார்டு தர்றோம். மூவாயிரம் வரைக்கும் கடன் வாங்கலாம்."

"என் காசையே எனக்குக் கடனாவா?"

"உங்க காசு பத்திரமா தூங்கும். நீங்க செலவு பண்றது எங்க காசு. அதான் மரியாதை."

வாசு கார்டுல ஒரு மூட்டை அரிசி வாங்கினான். கடன்காரன் ஆயிட்டோமேன்னு சோறு இறங்கல. சாயங்காலமே கட்டிட்டான். இப்படியே வாங்குறதும் அன்னைக்கே கட்டுறதுமா ரெண்டு மாசம் ஓடுச்சு. கோடு கோடாவே இருந்துச்சு.

முகுந்தன் நொந்துபோயிட்டார். "சூட்டோட கட்டிட்டா நீங்க கடன்காரர்னு ஊருக்கு எப்படிய்யா தெரியும்? பில்லு வரட்டும். கொஞ்ச நாள் கடன்ல இருந்து பழகுங்க."

வாசு பழகினான். தவணையில போன் வந்துச்சு, ஃபிரிட்ஜ் வந்துச்சு, மசாஜ் நாற்காலி வந்துச்சு. அம்மா தனலெட்சுமி அதுல துணி காயப் போட்டாங்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோடு மறைஞ்சு நம்பர் வந்துச்சு: எழுநூத்தி நாப்பது.

நிச்சயதார்த்தத்துல லட்சுமணன் மைக்கைப் பிடிச்சார். "மாப்பிள்ளை வாசு, எழுநூத்தி நாப்பது!" சனம் கை தட்டுச்சு. முறுக்குத் தட்டும் திரும்பி வந்துச்சு.

பந்தி முடிஞ்சதும் மாமனார் ஓரமா கூப்பிட்டார். "மாப்பிள்ள, கல்யாண மண்டபத்துக்கு ஒரு சின்ன லோன். கேரண்டரா ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்க."

"உங்க ஸ்கோர் எவ்ளோ, மாமா?"

லட்சுமணனுக்கு முகம் சுருங்கிப்போச்சு. "சொந்தத்துக்குள்ள போய் நம்பர் கேப்பாங்களா? நம்பிக்கை இல்லையா?"

தூரத்துல புனிதா சிரிச்சா. வாசு கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தா, மாமனாருக்குப் பின்னாடி லோரி வாங்கப்போற சித்தப்பா, அவருக்குப் பின்னாடி சலூன் வைக்கப்போற அத்தை, அப்படியே வாசல் வரைக்கும் வரிசை.

கடைசியா நின்னது முகுந்தன். நன்றி விசுவாசத்துல வாசுவே பத்திரிகை வச்சுக் கூப்பிட்டிருந்தான். அவர் கையிலயும் ஒரு லோன் ஃபாரம்.

"பாஸ், நீங்களுமா?"

முகுந்தன் டையைத் தளர்த்தினார்.

"உங்களுக்கு வரலாறே இல்லாம இருந்துச்சு, தம்பி. எனக்கு அது கொஞ்சம் கூடிப்போச்சு."