பின்கதவில் ஒரு கால்பெட்டி

சக்கரத்தையும் எஞ்சினையும் பிரேக்கையும் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் யார் யாரோ. அவர்கள் நன்றாயிருக்கட்டும். ஆனால் மாமனாரை மல்லாத்திப் போட்டு அளவெடுத்து வண்டிக்குப் பின்கதவு செய்யும் உன்னதமான முறையைக் கண்டுபிடித்த பெருமை, தலவாக்கலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கையே சேரும்.

அன்று காலை அந்த மாமனார், அதாவது பொன்னையா, பிக்கப்பின் தட்டில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். மருமகன் விஜிதரன் சோக்குக் கட்டியோடு அவரைச் சுற்றி வந்தான். மகள் சுதர்ஷினி தேத்தண்ணிக் கோப்பையோடு லயத்து வீட்டு வாசலில் நின்றாள்.

"மாமா, நேரா படுங்க. நீங்க வளைஞ்சா அளவும் வளையும்."

"நேராத்தான் கெடக்கேன். காலு இடிக்குது மாப்பிள்ள."

"கொஞ்சம் மடக்கிக்கங்களேன்ப்பா," என்றாள் சுதர்ஷினி.

"நாப்பது வருஷமா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி மடங்குன ஒடம்பு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவாவது நீட்டிப் படுத்துக்கிட்டுப் போறேனே."

பொன்னையாவின் உயரம் ஆறடி ஓரங்குலம். இதயம் மட்டும் உயரத்துக்கு ஏற்றபடி வேலை செய்யவில்லை. வலி வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல டாக்டர்தான். மேக்கணக்கு ரோட்டைப் பார்த்ததில்லை. நாலு மைல் ரோட்டில் கொழுந்து லொறி இறங்கவே ஒன்றரை மணித்தியாலம் ஆகும். மூன்றாவது வளைவில் இருந்த பள்ளத்தைப் பொன்னையாவே, தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை விட்டு அளந்திருக்கிறார்: இரண்டடி ஓரங்குலம். ஆட்டோக்காரர்கள் அதுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அதனால்தான் விஜிதரன் பிக்கப் வாங்கினான். வாங்கியபோது அதில் எஞ்சின் இருந்தது, சக்கரங்கள் இருந்தன, டிரைவர் சீட்டில் ஒரு பாதி இருந்தது. மிச்சத்தை அவனே செய்துகொண்டான். டவுனில் வெல்டிங் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பொறி பறக்கும். ஃபெக்டரியில் கழித்துப்போட்ட கொழுந்து வாட்டும் தொட்டியின் தகரம் பொனட் ஆனது. வெயில் பட்டால் இன்னும் தேயிலை மணக்கும். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டை நெடுக வெட்டியதில் நாலு மட்கார்டும் கிடைத்தன. பழைய கேட்டு பம்பராக முன்னால் நின்றது, கொண்டியோடு. தண்ணீர்க் குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து கூரைக்கு மேலே எழும்பி வளைந்திருந்தது. ஆற்றுக்குள் இறங்கினாலும் வண்டி மூச்சுவிடுமாம்.

"எனக்கு அப்புடி ஒண்ணு வச்சுவிடுங்க மாப்பிள்ள," என்றார் பொன்னையா. "டாக்டர் செலவு மிச்சம்."

எல்லாம் சரி, கால்தான் இடித்தது. தட்டை நீட்டினால் வளைவில் திரும்பாது. விஜிதரன் அரை நாள் யோசித்தான். பின்கதவில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, வெளிப்பக்கமாக ஒரு தகரப் பெட்டியை ஒட்டி, உள்ளே சாக்கு மெத்தை வைத்துத் தைத்தான். பொன்னையா மறுபடி படுத்துக் காலை நீட்டினார். இரண்டு பாதங்களும் பெட்டிக்குள் போய்ச் சுகமாக உட்கார்ந்தன.

"இடிக்கல," என்று அறிவித்தார், மந்திரி பாலம் திறந்துவைக்கிற குரலில். சுதர்ஷினி போனில் படம் எடுத்தாள்.

அந்தப் படத்தால்தான் எல்லாம் கெட்டது.

சுதர்ஷினி, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் டீச்சர். மேக்கணக்கின் மனுக்களை எழுதுகிறவளும் அவள்தான். ரோட்டுக்காகப் பதினொரு மனு எழுதியிருந்தாள். எல்லாம் 'கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளன'. பன்னிரண்டாவது மனுவில் அந்தப் படத்தை இணைத்து, 'எங்கள் ரோட்டின் நிலைமையால் இப்படியொரு வண்டி செய்துகொள்ள வேண்டியதாகிவிட்டது என்பதைத் தயவுடன் பாருங்கள்' என்று எழுதினாள். பார்த்தால் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தாள். படித்த பெண்தான், என்ன செய்வது?

ஒன்பதே நாளில் ஜீப் வந்தது. மூன்றாவது வளைவில் அது நின்றுவிட்டதால், மலையகக் கரடுமுரடுப் பாதை அபிவிருத்தி இணைப்புக் குழுவின் செயலாளர் கனகலிங்கம் மிச்சத் தூரத்தை நடந்தே ஏறினார். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனுஷர். சப்பாத்தைத் துடைக்கக்கூட மறந்து பிக்கப்பை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்ன தம்பி, பின்னால பெட்டி மாதிரி?"

"கால்பெட்டிங்க சார். மாமா கால் நீட்டுறதுக்கு."

"அப்பிடிச் சொல்லாதையும். 'பின்புற விசேட அமைப்பு' எண்டு எழுதுவம்." எழுதினார். "வெளிநாட்டுக்காரர் ரோட்டில்லாத இடத்தில வாகனம் ஓட்டுறதுக்கெண்டே பிளேன் ஏறி வருகினம். உங்களுக்கு அது வாசலிலயே கிடைச்சிருக்குது!"

"நாங்க நாலு தலைமுறையா அனுபவிக்கிறோம் சார்," என்றார் பொன்னையா பணிவாக.

"அப்ப ரோட்டு, சார்?" என்றாள் சுதர்ஷினி.

"ரோட்டுக்கு என்ன பிள்ளை குறை? அதைத் திருத்தினா இந்த வாகனத்துக்கு வேலை இல்லாமப் போயிடுமெல்லோ?"

இப்படி ஒரு கோணம் இருப்பது மேக்கணக்கில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. குழு கூடியது. தேத்தண்ணியும் ரோல்ஸும் வழங்கப்பட்டன. ரோட்டை 'உள்ளது உள்ளபடியே பேணுவது' எனவும், பிக்கப்பை ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் மூன்று நாள் காட்சிக்கு வைப்பது எனவும் ஏகமனதாகத் தீர்மானித்தது. அடுத்த வாரமே மூன்றாவது வளைவில் பெயின்ட் மணம் மாறாத ஒரு பலகை முளைத்தது: 'சவால் இலக்கம் 3. பள்ளத்தில் கல் போடுவது தண்டனைக்குரியது.'

காட்சிக்குப் போக விஜிதரனுக்கு மனமில்லை. "உங்களுக்குன்னு செஞ்ச வண்டிய அனுப்பிட்டு எப்புடிங்க மாமா?"

"அட, போயிட்டு வாங்க மாப்பிள்ள. பரிசு குடுத்தா அதக் காட்டியாவது ரோட்டு கேக்கலாம். மூணு நாளைக்கு நான் நெஞ்சக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஒரு நாள் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வலி வந்தது.

சுதர்ஷினி போன் போட்டபோது விஜிதரன் மேடைக்குக் கீழே நின்றான். அவன் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கி முழங்கியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது: "மலையக மக்களுக்கான அவசர சேவை வாகனம், முதலாம் பரிசு!" கைதட்டல். அதற்கு நடுவில் கனகலிங்கத்தின் குரல்: "பொறும் தம்பி, வாகனம் நாடாவுக்கு உள்ளுக்க நிக்குது. பிரதம விருந்தினர் இன்னும் வெட்டேல்லை."

ஆறு பேர் பொன்னையாவைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆறடி ஓரங்குலத்துக்கு எந்தக் கம்பளியும் போதாது. கால்கள் வெளியே ஆடின. கொழுந்து லொறி மூன்றாவது வளைவுவரை வந்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. முந்தின நாள் மழையில் பள்ளம் நிறைந்திருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவனான அழகன் கரையோரம் கால் வைத்து, தொடையளவு சேற்றில் இறங்கினான். வேறு வழி பார்ப்பதற்காகப் பொன்னையாவைப் பலகையடியில் இறக்கி வைத்தார்கள். அவர் அண்ணாந்து பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"சவாலாம்ல," என்றார். "யாருக்குப் புள்ள?"

சுதர்ஷினி பதில் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

பிக்கப் வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. விஜிதரன் நாடாவை அறுத்துக்கொண்டே கிளம்பியிருந்தான். மூச்சுக்குழாயில் சிவப்பு நாடா பத்து முழம் பறந்தது. பொனட்டில் சாமந்தி மாலை. வண்டி பள்ளத்தில் இறங்கி, ஒரு முறை உறுமி, பலகைப் பக்கம் ஏறி நின்றது; அவன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். எல்லோருமாகப் பொன்னையாவைத் தட்டில் படுக்க வைத்தார்கள். பாதங்கள் கால்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தன. இடிக்கவில்லை. வண்டி ஆடாமல் அசையாமல் லயத்துப் பக்கமாக ஏறிப் போனது. அப்படி ஒரு நல்ல வண்டி.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கனகலிங்கமும் வந்தார். சாப்பிட்டார். கண் கலங்கினார், நிஜமாகவே கலங்கினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து சுதர்ஷினியிடம் நீட்டினார். திட்டத்தை மற்றத் தோட்டங்களுக்கும் விரிவாக்க அவளுடைய கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது.

அவள் நின்றபடியே வாசித்தாள். 'பயனாளிகள்: ஒருவர். வாகனம் சவால் இலக்கம் 3ஐ வெற்றிகரமாகக் கடந்தது. பயணத்தின்போது பயனாளியிடமிருந்து முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை.'

"கீழ 'மேலதிகக் குறிப்பு' எண்டு இடம் விட்டிருக்கு பிள்ளை. அப்பாவைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை எழுதலாம்."

சுதர்ஷினி படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். மூலையில் சாத்தியிருந்த அப்பாவின் மட்டக்கம்பையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு நடந்தாள். பலகைக்குப் பக்கத்தில் குந்தி, கம்பைப் பள்ளத்துக்குள் விட்டு, தண்ணீருக்கு அடியில் தரை தட்டும்வரை அழுத்தினாள். பிறகு படிவத்தை முழங்காலில் விரித்து, விட்டிருந்த இடத்தில் எழுதினாள்.

இரண்டடி ஓரங்குலம்.