சவுக்குத் தோப்பில் சிவப்பு வால்

ஐந்தே காலுக்கு எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்துக் குடித்தான். தெருமுனைக் கடையில் சோற்று உருண்டை ஒன்று வாங்கி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு உப்பளக் கரைக்குப் போனான். யோசெங்கின் காலை எல்லா நாளும் இதுதான். குளிர்காலம் முழுக்க யாரோடும் பேசாமல் கரண்டிவாயன் பறவைகளை எண்ணினான். அவை வடக்கே போனபின் எண்ண ஒன்றுமில்லை. இருந்தாலும் போனான்.

அன்று கரையில் ஓர் உப்புக்கொத்திப் பறவை அவனைக் கண்டு எழுந்து ஓடியது. அது உட்கார்ந்திருந்த சரளையில் மூன்று முட்டைகள்.

போன வசந்தத்தில் பக்கத்துக் கரையில் ஒரு கூட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிப் படம் எடுத்தது. தாய் திரும்பவில்லை. முட்டைகள் வெயிலில் வெந்துபோயின.

பின்னால் காலடிச் சத்தம். லியாவோ. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரில் பீரங்கி என்று சொல்லும் ஒரு கை நீள கேமரா லென்ஸ் தோளில்.

"என்ன தம்பி பார்க்கறே?"

யோசெங் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பினான். தூரத்தில் சவுக்குத் தோப்பு.

"அதோ, சவுக்குல ஏதோ உட்கார்ந்துச்சு டாக்டர். வால் சிவப்பு."

லியாவோ ஒரு கணம் அவனையே பார்த்தார்.

"அடடே, நானும் பார்த்தேன்! வா, வா, கிட்டப் போலாம்!"

யோசெங்கே பார்க்காத வாலை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் தோப்பில் ஏழு பீரங்கிகள். கூடவே பான் அக்கா, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஆவியில் வேகவைத்த பாவ் ரொட்டி ஒரு கூடையோடு.

"மார்பு மஞ்சள்," என்றார் ஒருவர்.

"நீலம்யா."

"மஞ்சள்ல நீலம்," என்று பான் அக்கா தீர்த்துவைத்தாள்.

கூட்டம் பெருகினால் கரைக்கும் வழியும். யோசெங் பயந்தான்.

"அது பறந்து போயிடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"நீ போறியா?"

"நான் இன்னும் கொஞ்சம் இருக்கேன்."

"அப்ப நாங்களும்."

கால்வாய்க்கு அப்பால் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தான். கேமரா முக்காலிகளைச் சுமந்துகொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். பீரங்கிக்காரர்கள் முணுமுணுக்காமல் அரை மைல் நடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

விட்டுப் போகவும் முடியவில்லை. அலுவலகத்தில் வயிற்றுவலி என்றான். இரண்டாம் வாரம் அதையே மூட்டுவலி ஆக்கினான். கூடு எப்படியிருக்கிறதோ என்று எட்டிப் பார்க்கத் திரும்பினால் போதும், யாராவது கூப்பிடுவார்கள்.

"தம்பி, இந்த முக்காலியைப் பிடி."

"தம்பி, பாவ் ஆறுது."

பதினெட்டாம் நாள் தாய்ச்சுங் நகரத்திலிருந்து ஒரு தம்பதி மடக்கு ஏணியோடு வந்து இறங்கினார்கள்.

"சிவப்பு வால், மஞ்சள்ல நீலம், இங்கதானே? ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்துலேர்ந்து நாற்பது பேர் வர்றோம். பஸ்ஸைக் கரையிலேயே நிறுத்திக்கலாம்ல?"

யோசெங்குக்கு முகம் வெளுத்தது. லியாவோவுக்கும் ஏனோ வெளுத்தது.

ஞாயிறு விடிவதற்குள் யோசெங் கரைக்கு ஓடினான், பேருந்தின் முன்னால் படுத்தாவது தடுக்க. கரையில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். ஏழு பீரங்கிகள், ஒரு பாவ் கூடை.

கண்டுபிடித்துவிட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க!" கைகளை அகல விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். "சிவப்பு வாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நான் சொன்னது பொய்! எல்லாரும் போங்க!"

"நீ மேல வராதே!" லியாவோவும் கைகளை அகல விரித்துக்கொண்டு எதிரே நின்றார்.

நெஞ்சும் நெஞ்சும் இடிக்க இருவரும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு ஜோடிக் கால்களுக்கும் நடுவே ஏதோ ஓடியது. பஞ்சுருண்டை. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் தடுக்கி விழுந்து எழுந்து ஓடியது. தாய் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது. சரளை காலியானது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு எல்லோரும் விட்டார்கள். யோசெங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பல மாதங்களில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

பான் அக்கா ஒரு பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீ இந்தக் கூட்டைப் பார்த்துடக் கூடாதேன்னுதானே தம்பி, இல்லாத பறவையை நாங்க இத்தனை நாளா பார்த்துக்கிட்டிருந்தோம்!"