கெட்டி ஈயம் கதவைச் சாத்தினார்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெரியகுளம் தாலுகா முழுவதிலும் ஒரே ஒரு யோக்கியர்தான் இருந்தார். அவர் தேனி பஜாரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். இப்படி எழுதினால் மற்ற யோக்கியர்களின் பேரன்மார் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஒரு யோக்கியரோடு அரை நாள் கூட இருந்து வேலை வாங்கியவன் நான். அது எவ்வளவு பெரிய இம்சை என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் அவருக்குப் பெயர் கெட்டி ஈயம். மற்றவர்கள் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயத்தைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். இவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பி வைப்பார். பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் ஒரு நாள் பால் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டார்.

"என்னண்ணே இது, முன்னெல்லாம் பத்துப் படி பிடிச்சது, இப்ப ஒம்போதுதான் பிடிக்குது!"

"படி கொறஞ்சா பாலைக் கொறச்சு ஊத்து. களிம்பேறி நாலு பேரு வாந்தி எடுத்தா ஓம் பேரா கெடும்? எம் பேருல்ல கெடும்!"

ஒரு முறை ஒருவர் "லேசாப் பூசுனாப் போதும்" என்று சொல்லிவிட்டார். அவருடைய அண்டாவைத் தெருவில் தூக்கி எறிந்தார் கெட்டி ஈயம். அண்டா நசுங்கியது. பிறகு அவரே போய் எடுத்து வந்து, நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கெட்டியாகப் பூசிக் கொடுத்தார்.

இந்த மனிதர் உலகத்தில் பயந்தது ஒருவருக்குத்தான். எனக்கு. நான் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய், பெரியம்மை வராமல் இருக்க அம்மை குத்துவது என் வேலை. என் மோட்டார் சைக்கிள் சத்தம் ஆற்றுப் பாலத்தில் கேட்டதுமே அவர் கடை காலியாகிவிடும். கொதிக்கிற ஈயத்தில் விரல் பட்டால் சிரிக்கிறவர், என் ஊசியை நினைத்தால் நடுங்குவார். மூன்று வருஷமாக என் ரிஜிஸ்தரில் அவர் வெளியூர் போயிருந்தார். அதைச் சொல்லியே மொத்த பஜாரும் என்னை ஏமாற்றியது. "மொதல்ல கெட்டி ஈயத்துக்குக் குத்துங்கய்யா, அப்புறம் எங்ககிட்ட வாங்க" என்பார்கள்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகமலை எஸ்டேட் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன சனியன் அது. சண்டைக்காகப் போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோலுக்குக் கூப்பன். ஒரு சொட்டு வீணானால் ஒரு மைல் போச்சு.

ஒரு நாள் சுருளிப்பட்டியில் பெரியம்மை கண்டிருப்பதாகச் சேதி வந்தது. அன்று காலைதான் மதுரையிலிருந்து அம்மைப்பால், அதாவது குத்துகிற மருந்து, வந்திருந்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்கள். வெயில் பட்டால் கெட்டுப்போகும். அன்றைக்கே போய்க் குத்தினால் அங்கே உள்ள பிள்ளைகள் பிழைக்கும். விட்டால் அடுத்த பார்சல் எப்போது வருமோ தெரியாது. பெட்டியை ஈரத்துணியில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஜார் வருவதற்குள் பெட்ரோல் நாற்றம். குனிந்து பார்த்தால் கார்புரேட்டர் சொட்டு சொட்டாக ஒழுகுகிறது. அந்த வேகத்தில் ஒழுகினால் சின்னமனூரைக்கூடத் தாண்ட முடியாது. கரியில் ஓடுகிற பஸ் உத்தமபாளையத்தில் பழுதாகிக் கிடந்தது. ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

காப்பிக்கடைக்காரர்தான் யோசனை சொன்னார். "ஒழுகுனா அதுவும் பாத்திரம்தானய்யா? கெட்டி ஈயத்துக்கிட்டக் காட்டுங்க. ஆனா வண்டிய உருட்டிக்கிட்டுப் போங்க. சத்தம் கேட்டா ஓடிருவாக."

உருட்டிக்கொண்டே போய்க் கடை வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினேன். கெட்டி ஈயம் எழுந்தார். ஓட வழியில்லை.

"ஐயா, ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல..."

"உங்க ஒடம்ப இப்ப யாரு கேட்டா? வண்டி ஒழுகுதுய்யா!"

ஒழுகுது என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பயம் போன இடம் தெரியவில்லை. முதல் காரியமாக எரிந்துகொண்டிருந்த உலையில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். கார்புரேட்டர் முழுக்க நனைந்திருந்ததால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. துணியால் துடைத்தார். மாடத்திலிருந்து திருநீற்றை அள்ளி அதன் மேல் தூவினார்.

"ஈரம் மொதல்ல எங்கன பூக்குதுன்னு பாப்போம்."

நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மணிச் சத்தம். வண்டிக்குப் பூஜை போடுகிறோம் என்று நினைத்து, காப்பிக்கடைக்காரர் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டோடு வந்து நிற்கிறார். நான் போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது. பெண்களும் படிக்கிற பத்திரிகை.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தின் மூடி ஓரத்தில் திருநீறு நனைந்தது. "இது ஓட்டை இல்ல. நெறஞ்சு வழியுது" என்று மூடியைத் திறந்தார். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளை மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி, பெட்ரோல் வருகிற வழியை அடைக்க வேண்டும். அவர் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காதருகே வைத்துக் குலுக்கினார்.

"வயித்துக்குள்ள பெட்ரோலு குடிச்சிருக்குய்யா. குடிச்சவன் எங்கன எந்திரிப்பான்?"

காப்பிக்கடை வெந்நீரில் அதை முக்கினார். ஊசிமுனை ஓட்டை ஒன்றிலிருந்து நூல் போலக் குமிழி வந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டு, உள்ளே இருந்ததை வடித்து, வெந்நீரிலேயே வாட்டி, நாற்றம் போகும்வரை மோந்து மோந்து பார்த்தார். பிறகு காப்பிக்கடை அடுப்பில் ஈயம் பற்றவைக்கிற கோலைக் காய வைத்து இரண்டு ஓட்டையையும் அடைத்தார். எப்படி அடைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டிப் பார்த்தோம். முன்பு சொட்டியது, இப்போது ஓடியது.

"ஈயம் பத்தல" என்றார். கழற்றினார், இன்னும் கொஞ்சம் அப்பினார், மாட்டினார். சுருளி அருவி மாதிரி கொட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி மேல் சுற்றிய துணி காய்ந்துபோய் இரண்டு தடவை நனைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை அவர் மாட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் மிதவையைப் போட்டார். அது எருமை மாதிரி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"கனத்துப் போச்சுய்யா."

"அப்ப சுரண்டுங்க."

"நானா?"

"பின்ன நானா?"

"நாப்பது வருசமாப் பூசுறேன். பூசுன ஈயத்த ஒரு நாளும் சுரண்டுனதில்ல. கடைத்தெரு பாத்தா என்ன சொல்லும்?"

"சுருளிப்பட்டிப் பிள்ளைக செத்தா என்ன சொல்லும்?" என்றேன். எனக்கு இதமாகப் பேச வராது.

அவர் வண்டியை உள்ளே இழுத்தார். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பட்டப்பகலில் கதவைச் சாத்தினார். அரத்தை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் தன் தோலையே உரிப்பது போல "ஆ... ஐயோ..." என்று முனகினார்.

வெளியே காப்பிக்கடைக்காரர் குரல் கேட்டது. "ஏலே, ஓடியாங்க! இன்ஸ்பெக்டரு கெட்டி ஈயத்தப் பிடிச்சுட்டாக! உள்ள வச்சுக் குத்துறாக!"

பஜாரே திரண்டுவிட்டது. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குத்துறதாவே இருக்கட்டும்யா."

கடைசியில் மிதவை டம்ளரில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிமிர்ந்து நின்றது. மாட்டி, மறுபடி திருநீறு தூவினோம். திருநீறு திருநீறாகவே இருந்தது. பலகைகளை எடுத்தார். வாசலில் ஐம்பது முகம்.

"என்னண்ணே, வலிச்சுச்சா?" என்றார் காப்பிக்கடைக்காரர்.

கெட்டி ஈயம் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "லேசாத்தான். எறும்பு கடிச்ச மாதிரி."

"நீங்களே குத்திக்கிட்டீகளா! அப்ப எனக்கும் போடச் சொல்லுங்க" என்று காப்பிக்கடைக்காரர் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மூன்று வருஷம் என்னைக் கண்டு ஓடிய பயல்கள்! இந்தப் பால் சுருளிப்பட்டிக்கு, உங்களுக்கு அடுத்த பார்சலில் என்று கத்திவிட்டு வண்டியை உதைக்கக் காலைத் தூக்கினேன். கெட்டி ஈயம் என் சட்டையைப் பிடித்தார்.

"ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க."

"மறுபடியும் ஒழுகுதா?"

"வண்டி ஒழுகல. நாஞ் சொன்னது பொய்யாக் கெடக்கு. எம் பேச்ச நம்பி அவுக கைய நீட்டுறாக. எனக்குக் குத்தி விட்டுருங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தார். மறு கையால் உட்கார்ந்திருந்த பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலியாய்யா?"

"முடிஞ்சு போச்சு."

ஒரு சொட்டு ஒழுகாமல் சுருளிப்பட்டி போய்ச் சேர்ந்தேன். பெட்டி குளிர்ந்தே இருந்தது. அந்த ஊரில் ஒரு பிள்ளை மிச்சமில்லாமல் குத்திவிட்டுத்தான் கை கழுவினேன்.

உத்தியோகத்தில் எத்தனையோ ஆயிரம் பேரைப் பிடித்து இழுத்து, அதட்டி, திட்டிக் குத்தியிருக்கிறேன். வலிக்குமே என்று நினைத்து மெதுவாக ஊசி வைத்தது அந்த ஒரு கையில்தான்.