செயலாளரின் எழுத்துருக்கள்

"ஒரு வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கலாம். ரெண்டு செயலாளர் இருக்க முடியாது. கட்டின பொண்டாட்டியே எனக்கு எதிரா நின்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல ஏறுவேன்?"

"லிஃப்ட் ஓடினாத்தானே ஏறுவீங்க" என்றேன்.

சண்டை அங்கேயே நின்றது, லிஃப்டைப் போல.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு என் கணவர்தான் நிரந்தரச் செயலாளர். எதிர்த்து நிற்க ஆளில்லாததால் வருஷா வருஷம் ஏகமனதாகத் தேர்வு. மாதா மாதம் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, சுற்றறிக்கையை அவருடைய கம்ப்யூட்டரில் அடிப்பது நான். 'மின்தூக்கி குறித்து ஆவன செய்யப்படும்' என்று அடித்து, அதற்கு அடிக்கோடும் போட்டுவிட்டு, அதே கையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவதும் நான்தான். போன மாதம் அந்த வரியை அடிக்கும்போதே முழங்கால் வலித்தது. இந்த வருஷம் நானே எதிர்த்து நிற்பதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பொதுக்கூட்டமும் தேர்தலும் நாளை காலை. அதற்குள் என் நோட்டீஸ் எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டும். மகள் வெளியூரில் வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற லேப்டாப் என்னிடம் இருந்தது. அதில் இல்லாதது நான் பழகிய தமிழ் எழுத்துரு, அதாவது ஃபான்ட்.

"செல்போன்ல வர்ற தமிழ்லயே அடிங்களேன் அக்கா" என்றாள் எதிர்வீட்டு டீச்சர். நான் ஜெயித்தால் துணைச் செயலாளர் அவள்தான்.

அடித்துப் பார்த்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டிப் பழக்கிய விரல்கள் இவை. பழைய தட்டச்சு முறை தவிர வேறெதற்கும் மசியாதவை. அந்த முறைக்கு ஒத்துப்போகும் எழுத்துருக்கள் இந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் உண்டு. செயலாளரின் கம்ப்யூட்டரில்.

"ஏங்க, அதை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க."

"பென் டிரைவ்ல வைரஸ் வரும். எழுத்துருன்னா என்ன, சர்க்கரையா? கிண்ணத்துல அள்ளிக் குடுக்க?"

அப்படிச் சொன்ன மனிதர், குளித்துவிட்டு வந்ததும் ஞானியாகிவிட்டார்.

"போட்டி வேற, குடும்பம் வேற. உனக்கு எழுத்துருதானே வேணும்? நெட்வொர்க்ல ஷேர் பண்றேன்."

நாளிதழைக்கூட விளம்பரம் வரை படித்து முடிக்காமல் என்னிடம் பகிராதவர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவருடைய திட்டம் இது. எழுத்துருக்கள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். என் லேப்டாப் வைஃபை வழியாக அங்கே போய், அவற்றைத் தன்னுடையவை போலக் காட்டிக்கொள்ளும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு வகைக் கம்ப்யூட்டர்கள். அது பேசுவது இதற்குப் புரியவில்லை, எங்களைப் போல. அவர் முன்னறைக்கும் நான் இருந்த உள்ளறைக்குமாக நடையாய் நடந்தார்.

"இப்போ தெரியுதா?"

"ஃபோல்டர் தெரியுது. திறந்தா அனுமதி இல்லைங்குது."

போனார். வந்தார். "இப்போ?"

"திறக்குது. தொட்டா அனுமதி இல்லைங்குது."

"எதையும் ஏன் தொடறே?"

"தொடாம எப்படிங்க எழுத்துரு ஏறும்? வாசல்ல நிக்க வெச்சே அனுப்புற விருந்தாளியா நானு? உங்களால முடியலைன்னா சொல்லுங்க. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்."

முகம் சிவந்தது. தடதடவென்று முன்னறைக்குப் போனார். "இந்தா, முழு அனுமதி. எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டாச்சு. போதுமா?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

என் திரையில் தமிழ் வந்தது. தடித்த தலைப்பு எழுத்து, மெலிந்த எழுத்து, சாய்ந்த எழுத்து, எல்லாம் வரிசைகட்டி நின்றன. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

'நம் லிஃப்ட் ஏன் ஓடவில்லை?' என்று தலைப்பு போட்டேன். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியில், செயலாளர் ஆவன செய்த லட்சணத்தை விவரிக்க ஆரம்பித்தேன். சட்டென்று பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பூச்சி மொய்த்த மாதிரி ஆனது.

"ஏங்க, எழுத்தெல்லாம் போச்சு."

"மெஷின் சூடாயிடுச்சு, அணைச்சிருக்கேன். பாவம், பழசு."

மறுபடி போட்டார். தமிழ் வந்தது. நான் வேகம் பிடித்தேன். மறுபடி அணைத்தார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மெஷினுக்கு வந்த சூட்டில் ஒரு குடும்பத்துக்கே சமைத்திருக்கலாம். நான் கோலம் போடப் போட பின்னாலேயே யாரோ வந்து அழிப்பது போல இருந்தது. உட்கார முடியவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், திரையைப் பார்த்தேன், மறுபடி எழுந்தேன். எட்டிப் பார்த்தால், ஐயா சாய்வு நாற்காலியில், கால் கட்டைவிரலை ஸ்விட்ச் மேல் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

டீச்சர் போன் செய்தாள். "அக்கா, நோட்டீஸ் ரெடியா? சாயந்திரம் விட்டா எல்லாரும் கதவைச் சாத்திடுவாங்க."

"ஒரு ஆள் காலைத் தூக்கணும். அதுக்காகத்தான் காத்திருக்கேன்" என்றேன்.

காலைத் தூக்கவைத்தது அவருடைய ஆதரவாளர்தான். மேல்மாடிக்காரர் போனில் அழைக்க, சிக்னல் தேடி பால்கனிக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எழுத்துரு ஃபோல்டரை என் லேப்டாப்பிலிருந்தே திறந்தேன். முழு அனுமதி. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். நகல் எடுப்பதா, வெட்டி எடுப்பதா என்று ஒரு கணம் யோசித்தேன். காலையிலிருந்து போன எழுத்துகளை நினைத்தேன். வெட்டினேன். என் பக்கம் ஒட்டினேன். பச்சைக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பால்கனியில் அவர் "பாவம்ங்க அவ, நல்லா தோக்கட்டும்" என்று சிரிப்பது கேட்டது. கோடு முழுதாக ஓடி முடிந்தது. எழுத்துருக்களை லேப்டாப்பில் பதித்துவிட்டு, வைஃபையைத் துண்டித்துப் பார்த்தேன். தமிழ் அசையவில்லை.

அவர் திரும்பி வந்து மெஷினை அணைத்தார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அணைத்ததை உறுதி செய்ய வந்து எட்டிப் பார்த்தார். நான் மூன்றாவது பத்தியில் இருந்தேன். போய் மெஷினைப் போட்டார். நாளைக்கு வாசிக்க வேண்டிய தன் ஆண்டறிக்கையைத் திறந்தார் போலிருக்கிறது.

பிறகு அறை வாசலில் வந்து நின்றார். குரல் சங்கக் கூட்டத்துக் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"என் அறிக்கை பூரா பூச்சியா இருக்கும்மா."

"அப்படியா?"

"ஃபோல்டர் காலியா இருக்கு. நீ எதாவது தொட்டியா?"

"முழு அனுமதி குடுத்தீங்களே."

அதற்குள் டீச்சர் வந்துவிட்டாள். உள்ளறை பிரின்டர் நோட்டீஸைக் கக்கத் தொடங்கியது. அவள் சுடச்சுட ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றாள். தள்ளி நின்றார். கதவோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"எல்லாம் வேணாம்மா. அந்தத் தடித்த எழுத்து ஒண்ணே ஒண்ணு, தலைப்புக்கு மட்டுமாவது அனுப்பேன்?"